வலிக்கலையே மிஸ்ஸி!

கேள்வி: வணக்கம் மிஸ்ஸி. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 47. தமிழ்ப்பள்ளி ஒன்றின் கேண்டீனில் சமைக்கிறேன். வீட்டுக்காரர் செம்பனை லோரி ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு முன்னால் குளிக்கும்போது இடது மார்பில் கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. வலியே இல்லை. நாத்தனாரிடம் காட்டினேன். அவருக்கு 52 வயது, நான்கு பிள்ளை பெற்றவர். "பால்கட்டிதான், மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்து போடு, கரைஞ்சிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வைப்பாங்க, கத்தி வெச்சா உடம்பெல்லாம் பரவிடும்" என்றார். மூன்று வாரமாகப் போடுகிறேன். கரையவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இந்த நோய் கிடையாது. மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறாள். அது முடிந்ததும் காட்டலாமா? என்னென்ன அறிகுறி வந்தால் பயப்பட வேண்டும்? ஆண் டாக்டர் என்றால் கூச்சமாக இருக்கும். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு, போங்கள். எஸ்.பி.எம். முடியும்வரை வேண்டாம். பத்து போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து அதை யாராலும் சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்த டாக்டரால்கூட கையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. வெறும் நீர்க்கட்டியாக இருக்கலாம். விரல் பட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் நார்க்கட்டியாக இருக்கலாம், அது சின்ன வயதுப் பெண்களுக்கு அதிகம் வரும். ஆனால் 47 வயதில் புதிதாக வந்த கட்டி, இரண்டு மாதம் ஆகியும் போகவில்லை என்றால், அது என்ன என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஊகம் செய்து விட்டுவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, "வலியே இல்லை" என்பது. ஆறுதலுக்காக எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக, உங்கள் வாயில் மிஸ்ஸியாக, இருந்த காலத்தில் இந்த வரியை நான் கேட்காத மாதமில்லை. "வலிக்கலையே மிஸ்ஸி, அதான் வரலை" என்பார்கள். இதில் நம் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எங்கிருந்து அந்தப் பழக்கம் வந்தது என்று எனக்குத் தெரியும்.

நானும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். எழுபதுகளின் கடைசியில், நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து திரும்பும் உடம்பு. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வியே "வலிக்குதா?" என்பதுதான். "இல்லீங்கய்யா." "அப்போ வேலைக்குப் போ." அந்த மனிதரையும் நான் திட்டமாட்டேன். ஓர் அறை, நாலைந்து புட்டி மருந்து, வெளியே பேர் போட்டுக்கொண்டு நிற்கும் ஆட்கள். யாருக்கு லீவு, யாருக்கு வேலை என்று பிரிப்பதுதான் அவருக்கு இருந்த பெரிய வேலை. வலியும் காய்ச்சலும் ரத்தமும் இருந்தால் சீக்கு. இல்லையென்றால் சீக்கு இல்லை. சின்னம்மாவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்துக் கட்டி தோலைப் பிய்த்துக்கொண்டு வந்தபோதுதான் தைப்பிங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, நடுவில் துணியை மடித்து வைத்து, எங்கள் யாருக்கும் தெரியாமல் மறைத்திருந்தார். அப்போது வலித்தது. ஆனால் அது காலம் கடந்து வந்த வலி.

தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டார்கள். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்துவிட்டோம். டிரஸரின் அந்தக் கேள்வியை மட்டும் நாம் நமக்குள்ளேயே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்கு அந்தக் கேள்வி பொருந்தாது. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிக்காது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறதே, அந்த வலி ஹார்மோனால் வருவது, அதைப் பார்த்துத்தான் பலரும் பயந்து ஓடிவருகிறார்கள். ஓடிவர வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒரே இடத்தில், மாதவிடாயோடு சம்பந்தமில்லாமல், வாரக்கணக்கில் விடாமல் வலித்தால் அதையும் காட்ட வேண்டும், அது வேறு.

சரி, என்னென்ன அறிகுறி என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். புதிதாக வந்ததா? ஒரு பக்கம் மட்டும்தானா? அடுத்த மாதவிடாய் வந்து போனபிறகும் அப்படியே இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் அது எதுவாக இருந்தாலும் கிளினிக்குக்குப் போக வேண்டியதுதான். பிறவியிலிருந்தே ஒரு மார்பு சற்றுப் பெரிதாக இருப்பதோ, சின்ன வயதிலிருந்தே காம்பு உள்ளடங்கி இருப்பதோ நோய் அல்ல. இத்தனை நாள் அப்படி இல்லாதது இப்போது அப்படி ஆகியிருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

கட்டியைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருப்பது இது: புற்றுநோய்க் கட்டி கல் போல் கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அசைத்தால் அசையாமல் இருக்கும். உண்மைதான், ஆனால் எப்போதும் அப்படி இல்லை. மெத்தென்று அசைந்த கட்டி புற்றாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன், கல் போல் இருந்தது ஒன்றுமில்லை என்று வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே "அசையுதே, அப்போ பரவாயில்லை" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். மார்பில் மட்டும் தேடவும் கூடாது. மார்பகத் திசு அக்குள்வரை நீண்டிருக்கிறது. அக்குளிலோ காறை எலும்புக்கு மேலேயோ நெறி கட்டியது போல ஒன்று வந்து வாரக்கணக்கில் இறங்காமல் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

கட்டியே கைக்குப் படாமல் வரும் அறிகுறிகள்தான் நம்மவர்களுக்கு அதிகம் தெரியாதவை. கேண்டீனில் ரொட்டி சானாய் மாவு பிசைந்து வைத்து அதில் விரலால் அழுத்தினால் ஒரு குழி விழும் இல்லையா, அந்த மாதிரி மார்பின் தோலில் ஓர் இடம் மட்டும் உள்வாங்கும். கையைத் தொங்கப் போட்டிருக்கும்போது தெரியாமல், கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதோ இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி அழுத்தும்போதோ மட்டும் தெரியலாம். உள்ளே ஏதோ ஒன்று தோலைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். அதே இழுப்பு காம்பின் பின்னால் நடந்தால் காம்பு உள்ளே போகும், அல்லது இதுவரை நேராக இருந்தது ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

தம்பூன் பம்பளிமாஸ் தெரியும்தானே? ஈப்போவுக்குப் போகும் வழியில் வரிசையாகத் தொங்கவிட்டு விற்பார்களே. அதன் தோலை உற்றுப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னப் பள்ளமாக இருக்கும். மார்புத் தோல் அப்படித் தடித்து, புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழுந்து, மார்பு வீங்கிச் சூடாக இருந்தால் அது அவசரம். அழற்சி வகைப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது, அரிதுதான், ஆனால் வேகமானது. அதில் கட்டி என்று எதுவும் கைக்கு அகப்படாமலே போகலாம். சீழ்பிடித்த மார்பு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், கொடுப்பது தவறில்லை. மருந்து முடிந்தும் வீக்கம் இறங்கவில்லை என்றால் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று இருக்காமல் திரும்பிப் போக வேண்டும். இன்னொன்று, படங்களில் காட்டும் செக்கச் சிவந்த மார்பு நம் நிறத்துக்குத் தெரியாது. நம் தோலில் அது கறுத்தோ ஊதா படர்ந்தோ இருக்கும், சில சமயம் நிறமே மாறாது. கண்ணை நம்பாமல் புறங்கையை வைத்துச் சூட்டையும் தோலின் தடிப்பையும் பாருங்கள். மஞ்சள் பத்தை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் ஏறிய தோலில் எந்த நிற மாற்றமும் தெரியாது, வேப்பிலையும் மஞ்சளும் அரித்துப் புண்ணாகிவிட்டால் எது பத்தால் வந்தது, எது நோயால் வந்தது என்று பார்ப்பவருக்கும் குழப்பம். அழுத்தித் தேய்த்து உருவிவிடுவதும் வேண்டாம்.

காம்பிலிருந்து கசிவு. பிதுக்கினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ வருவது பெரும்பாலும் கவலைக்குரியதல்ல, பிதுக்காமல் இருந்தாலே போதும். பிதுக்காமல் தானாக, ஒரு பக்கம் மட்டும், ரத்தமாகவோ வெறும் தண்ணீர் போலத் தெளிவாகவோ வந்து உள்பாடியில் கறை பட்டால் காட்ட வேண்டும். அப்புறம் காம்பில் வரும் சொறி. எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் காம்பு தோலுரிந்து அரித்தது. ஒரு தனியார் கிளினிக்கில் சொறிக்குத் தரும் களிம்பைக் கொடுத்தார்கள். பூசினால் கொஞ்சம் அடங்கும், விட்டால் திரும்ப வரும். எட்டு மாதம் இப்படியே ஓடியது. அது பேஜட் நோய் என்று ஒன்று, காம்பில் தொடங்கும் புற்றுநோய். சாதாரணக் கரப்பான் பெரும்பாலும் காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் வரலாம். பேஜட் காம்பில் தொடங்கி வெளியே படரும், ஒரே பக்கம். இரண்டு வாரம் களிம்பு போட்டும் ஆறாத காம்புப் புண்ணுக்கு மூன்றாவது டியூப் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் கவனிக்க மாதாமாதம் சுயபரிசோதனை செய்ய வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் பல வருடம் ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அதைச் சொல்லிக்கொடுத்தவள். ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் வேலை செய்த இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2002இல் முடிவு வந்தது. முறைப்படி சுயபரிசோதனை கற்றுக்கொடுத்த குழுவுக்கும் கற்றுக்கொடுக்காத குழுவுக்கும் இடையில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காகத் தொட்டே பார்க்கக் கூடாது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் போட்டுத் தேதி தவறாமல் செய்யும் சடங்காக அது இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். உங்கள் கட்டியைக் கண்டுபிடித்தது நீங்கள்தானே, அதுவும் குளிக்கும்போது தற்செயலாக. இயல்பாக நம் மார்பு எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தான் மாறும்போது தெரியும். அந்தந்த மாத மாதவிடாய் முடிந்த சில நாளில் மார்பு மெத்தென்று இருக்கும், அப்போது சோப்புக் கையோடு நடு மூன்று விரல்களின் பட்டையான பகுதியால் காறை எலும்பிலிருந்து மார்பின் அடிவரை, நெஞ்செலும்பிலிருந்து அக்குள்வரை தடவிப் பாருங்கள். கிள்ளிப் பார்த்தால் எல்லா இடமும் கட்டி போலத்தான் இருக்கும். ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். மாதவிடாய் நின்றுபோனவர்கள் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம்.

இனி நாத்தனார் சொன்னவை. பால்கட்டி என்பது பால் கொடுக்கும் காலத்தில் பால்குழாய் அடைத்து வருவது. உங்கள் மகளுக்கு இப்போது 17 வயது. அந்தப் பால் இன்னும் உள்ளே கட்டிக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. அதுபோல, பால் கொடுக்கும் தாய்க்கே ஒரு கட்டி சில வாரம் இறங்காமல் இருந்தால் அதையும் பால் என்று தள்ளிவிடக் கூடாது.

"கத்தி வைத்தால் பரவும்" என்பதை நான் எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தப் பேச்சு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் புரியும். எங்கள் சின்னம்மா காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பரவிய பிறகு போனவர்கள். அறுத்தார்கள், சில மாதத்தில் இறந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பார்த்தது கத்தியும் சாவும், அவ்வளவுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவிவிடும் என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. அந்தச் சோதனை இல்லாமல் எந்த டாக்டரும் சரியான வைத்தியத்தைத் தொடங்கவும் முடியாது.

"வம்சத்தில் யாருக்கும் கிடையாது" என்பது நீங்களே சொன்னது. மார்பகப் புற்று வரும் 100 பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் பெற்றோர் வழியாக வந்த மரபணு மாற்றம் காரணம். மற்ற பெரும்பாலானவர்கள் உங்களைப் போலவே "எங்க வீட்ல யாருக்கும் இல்லையே" என்று சொன்னவர்கள்தான். பெண்ணாக இருப்பதும் வயதாவதும்தான் முதல் காரணங்கள். சீக்கிரம் பூப்படைவது, 55 தாண்டியும் மாதவிடாய் நிற்காமல் இருப்பது, பிள்ளை பெறாதது, முப்பதுக்கு மேல் முதல் பிள்ளை, மாதவிடாய் நின்றபிறகு ஏறும் எடை, மது இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூட்டும். இறுக்கமான பாடி போடுவதாலோ, எப்போதோ அடிபட்டதாலோ வருவதில்லை. வம்சத்தில் யாருக்காவது இருந்திருந்தால் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும், இல்லை என்பதால் தப்பித்தோம் என்று ஆகாது.

தாமதத்தைப் பற்றிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் எஸ்.பி.எம். வரை என்று நீங்கள் கேட்டதால் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2012 முதல் 2016 வரைக்குமான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், நம் மலேசியாவில் மார்பகப் புற்று கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் ஏறக்குறைய 48 விழுக்காட்டினர் நோய் முற்றிய மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்திருக்கிறார்கள். சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, வந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று கணக்கெடுத்தது. முதல் கட்டத்தில் வந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 87 பேர். நான்காம் கட்டத்தில் வந்தவர்களில் 23 பேர். நோய் ஒன்றுதான், ஆஸ்பத்திரியும் அதேதான். உங்கள் கொண்டைக்கடலை ஒருவேளை புற்றாகவே இருந்தாலும், அந்த 87 பேர் பக்கம் நிற்கக்கூடிய நேரத்தில்தான் நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் போய்விட்டதே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

சரி, போனால் என்ன நடக்கும்? உங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்குப் போனீர்களே, அதே கிளினிக்தான். கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். ஐ.சி. என்ற அடையாள அட்டையை மறக்காதீர்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போனால் முழுதாகக் கழற்ற வேண்டியிருக்காது. கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது, கட்டி எப்போது முதலில் தட்டுப்பட்டது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போனதும் எல்லாம் மறந்துவிடும். கவுண்டரில் "பாடான் சாக்கிட்", உடம்பு வலி என்று பொதுவாகச் சொன்னால் காய்ச்சல்காரர்களோடு வரிசையில் உட்கார வைப்பார்கள். "அடா கெத்துலான் டி பாயுடாரா, சுடா டுவா புலான்" என்று சொல்லுங்கள். மார்பில் கட்டி, இரண்டு மாதம் ஆயிற்று என்று அவர்களுக்கு உடனே புரியும். சொல்லக் கூச்சமாக இருந்தால் அதையே தாளில் எழுதி நீட்டுங்கள், நிறையப் பேர் அப்படிச் செய்வார்கள்.

ஆண் டாக்டர் பற்றி. மார்பைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையை அரசாங்கக் கிளினிக்குகளில் நர்ஸுகளே செய்வது வழக்கம், அது எங்கள் அன்றாட வேலை. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதும் தப்பில்லை, "மாவ் டாக்டர் பெரம்புவான்" என்றால் போதும். அன்றைக்கு ஆண் டாக்டர் மட்டும்தான் இருக்கிறார் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். பெண் நர்ஸ் ஒருவர் கூடவே நிற்பார், திரை போட்டிருக்கும். அவர் பார்ப்பது சதையையும் கட்டியையும்தான். எங்களுக்கெல்லாம் ஒரு நாளில் எத்தனை மார்பு பார்த்தோம் என்பதே நினைவில் நிற்காது!

அங்கிருந்து சூராட் ருஜுக்கான், அதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம், எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து பெரும்பாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஐந்து வெள்ளி. தெமுஜான்ஜி, அதாவது டாக்டரைப் பார்க்கக் கொடுக்கும் தேதி, ரொம்பத் தள்ளி இருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். புதுக் கட்டி என்று சொல்லி இன்னும் முன்னால் தேதி கிடைக்குமா என்று கேளுங்கள். முதல்முறை காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் இது புற்றா இல்லையா என்று முடிவு தெரிந்துவிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு நாள் எண்ணுங்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று வேலை நடக்கும். தொட்டுப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், ஊசியால் சதை எடுப்பார்கள். உங்கள் வயதுக்கு மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இரண்டுமே எடுக்கலாம். மேமோகிராமில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்துச் சில வினாடி அழுத்துவார்கள், வலிக்கும், பொறுத்துக்கொள்ளும் வலிதான். அன்று காலை அக்குளுக்குப் பவுடரோ வாசனையோ போடாதீர்கள், படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து குழப்பும். ஊசிச் சோதனைக்கு மரத்துப்போக மருந்து போட்டுவிட்டுச் செய்வார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல "டக்" என்று சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேமோகிராம் படம் சுத்தமாக இருக்கிறது என்று வந்தாலும், கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் விஷயம் முடியவில்லை. நம்மைப் போன்ற ஆசியப் பெண்கள் பலருக்கு மார்புத் திசு அடர்த்தியானது, படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். "படத்துல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று நிம்மதியாக வந்து, அடுத்த வருடம் திரும்ப வந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால், "அப்போ கையில் தட்டுப்படுவது என்ன?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள். இலவச மேமோகிராம் முகாம் வரும் என்று காத்திருப்பதும் இதனால்தான் சரியில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என். போன்றவை நடத்தும் மேமோகிராம் திட்டங்கள் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு நல்லவை. கட்டி இருப்பவருக்கு வழி அதுவல்ல, நேராகக் கிளினிக்தான்.

ஒன்றுமில்லை என்று வந்தால் மகளுக்கு நல்லதாக ஏதாவது சமைத்துப் போடுங்கள். ஏதாவது இருக்கிறது என்று வந்தால், வைத்தியத்தைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம், திரும்ப எனக்கு எழுதுங்கள். சின்னக் கட்டிக்கு மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கும் வழியும் இருக்கிறது என்று மட்டும் இப்போதைக்குத் தெரிந்துகொள்ளுங்கள். செலவை நினைத்தும் பின்வாங்க வேண்டாம். குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 வெள்ளி வரைக்கும், போக்குவரத்துக்குத் தீபகற்ப மலேசியாவில் 500 வெள்ளி வரைக்கும் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம்.

வீட்டுக்காரரிடம் இன்று ராத்திரியே சொல்லுங்கள். "புற்றுநோய்" என்று தொடங்காதீர்கள், அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கப்புறம் எதுவும் காதில் ஏறாது. "மார்பில் ஒரு கட்டி இருக்கு, செவ்வாய்க்கிழமை கிளினிக்குப் போறேன், ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தா நீங்க லீவு போட்டுக் கூட வரணும்" என்றால் போதும். லோரி ஓட்டுபவருக்கு ஈப்போ அரை மணி, முக்கால் மணி நேரம். மகளிடம் முடிவு தெரிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஆனால் 17 வயதுப் பெண் வீட்டில் குசுகுசுப்பைக் கேட்டுத் தானாகக் கற்பனை செய்துகொள்வதைவிட நீங்களே சொல்வது மேல். உங்கள் பெண்ணை உங்களுக்குத்தான் தெரியும்.

நாத்தனார் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் நம்பிக் காட்டிய ஒரே ஆள் அவர்தான். செவ்வாய்க்கிழமை அவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு 52 வயது ஆகிறது. 40 தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மார்பைப் பார்க்கச் சொல்லி அந்தக் கிளினிக்கில் நாங்கள் தொண்டை கிழியச் சொன்னதுதான், அவர் ஒருமுறையாவது வந்திருப்பாரா தெரியவில்லை. அவரையும் ஒரு வெள்ளி கட்டி உங்கள் பக்கத்திலேயே உட்காரச் சொல்லுங்கள்.